தொழுநோயால் விறைத்த காலில் ஆறாத புண்: யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்க்க ஒரு வழிகாட்டி

என் பெரியப்பாவுக்குத் தொழுநோய் மாத்திரை முடிந்து பல வருடமாகிறது. நோய் போய்விட்டது, கால் விறைப்பு மட்டும் போகவில்லை. வலது பாதத்தில் பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, நடக்கும்போது பாரம் முழுவதும் ஊன்றுகிற இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றியளவு ஒரு புண். ஆறும், பிறகு வெடிக்கும், திரும்ப ஆறும். இதற்காகக் கிளினிக், மருந்துக்கடை, செருப்புக்கடை, பிரதேச செயலகம் என்று நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதியாவது, யாராவது முன்னமே வரிசையாகச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். நான் டொக்டர் இல்லை. கூடப்போய்க் காத்திருந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. இன்றைக்கே ஓட வேண்டிய புண்ணா என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் இதுதான். பாதம் வீங்கியிருக்கிறதா, புண்ணைச் சுற்றிச் சூடாக இருக்கிறதா, சீழ் அல்லது கெட்ட மணம் வருகிறதா, கவட்டில் நெறி கட்டியிருக்கிறதா, காய்ச்சலும் நடுக்கமும் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரவென்றாலும் சரி. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசம். கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் ஆற வேண்டிய புண் மாதக்கணக்கில் இழுக்கும், சிலவேளை விரலையோ எலும்பையோ எடுக்க வேண்டி வரும்.

"நோகவே இல்லையே" என்று பெரியப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். நோகாதுதான். நோவைச் சொல்கிற நரம்பு செத்துப்போனதால்தானே புண்ணே வந்தது! ஆகவே ஆளைக் கேட்டு முடிவு எடுக்காதீர்கள், பாதத்தைப் பார்த்து எடுங்கள். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. உங்கள் புறங்கையை ஒரு பாதத்தில் வைத்துவிட்டு அடுத்த பாதத்தில் அதே இடத்தில் வையுங்கள், சூட்டு வித்தியாசம் கைக்குத் தெரியும்.

இன்னொன்று. வருடக்கணக்காக இருக்கும் புண்ணின் விளிம்பு தடித்து, பூக்கோவாப் பூப்போல மேலே வளர்ந்து, தொட்டால் இரத்தம் கசிந்தால் அதில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய புண்ணில் அரிதாகப் புற்றுநோய் வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை, நேரத்தோடு பிடித்தால் வெட்டி எடுத்துவிடலாம்.

2. ஏன் ஆறவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கப்படுத்துங்கள்

தொழுநோய்க் கிருமி கணுக்காலின் உட்பக்கத்தால் இறங்குகிற நரம்பைக் கெடுக்கும்போது உள்ளங்கால் விறைக்கிறது. வியர்வையும் நிற்கிறது. வியர்க்காத தோல் காய்ந்து வெடிக்கும், பாரம் ஊன்றும் இடம் தடித்துக் காய்க்கும், அந்தத் தடிப்பே செருப்புக்குள் கிடக்கிற கல்லாக நின்று கீழுள்ள தசையை நசுக்கும். சாதாரண ஆள் என்றால் நோவில் நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றிவிடுவார். இவர்கள் நொண்டுவதில்லை, நேராக மிதித்து நடப்பார்கள்.

எம்.டி.ரி. என்கிற கூட்டு மாத்திரை நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். அது கிருமியைக் கொல்லும், செத்த நரம்பை எழுப்பாது. அதனால் மாத்திரை முடித்தவருக்குப் புண் இருக்கிறது என்பதற்காக நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை, அந்தப் புண்ணிலிருந்து வீட்டாருக்குத் தொழுநோய் தொற்றாது. தட்டு, கோப்பை, பாய் எல்லாம் தனியாக வைக்கிற வேலையை விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாத்திரை எடுக்கும்போதோ முடித்த பிறகோ புதிதாக விறைப்பு, கைகாலில் பலம் குறைவு, நரம்போடு நோவு, தோலில் திடீர் வீக்கம் வந்தால் அது வேறு கதை. அது ரியாக்சன், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பே கொதித்தெழுவது, அதற்கு ஸ்டீரொயிட் மருந்து உண்டு. கெட்டு ஆறு மாதத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் நரம்பு மீள நல்ல வாய்ப்பு, ஆகவே அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

3. எங்கே போவது

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் (போதனா வைத்தியசாலை) தோல் கிளினிக்தான் இதற்குச் சரியான வாசல். நேரே போக வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள், தொழுநோயாளரைப் பின்தொடர்வது அவர்களின் வேலைகளில் ஒன்று. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையின் ஓ.பி.டி.யில் காட்டிக் கடிதம் வாங்கிப் போகலாம். புண் ஆழமாக இருந்தால் தோல் டொக்டரே சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு எழுதித் தருவார்.

ஆனால் தினமும் மருந்து கட்டப் பெரியாஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். கட்டு மாற்றுவதை உங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலையில் செய்யலாம், கிளினிக்கில் அப்படி ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இதை நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. புண்ணுள்ள காலோடு பஸ்ஸில் நின்றுபோய், வரிசையில் நின்று, நின்றே திரும்பி வந்தால், கட்டு மாற்றியதால் வந்த நன்மை அன்றைக்கே போய்விடும்.

கிளினிக் எந்தக் கிழமை என்பதை முதல் நாளே விசாரியுங்கள். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் கிளினிக் இல்லை, கலண்டரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விடிய வெள்ளெனப் போய் நம்பர் எடுக்க ஒருவர், பிறகு நோயாளியை ஓட்டோவில் கூட்டிவர இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வது நல்லது. வாசலில் தள்ளுவண்டி கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, டொக்டரிடம் காட்டுவது பற்றிக் கேட்பீர்கள். ஒருமுறை ஆறுதலாகப் பேச அது சரி. ஆனால் கட்டு, எக்ஸ்ரே, மாவுக்கட்டு, வார்ட் என்று மாதக்கணக்கில் போகிற வைத்தியத்தைக் காசு கொடுத்துப் பார்க்க நடுத்தரக் குடும்பத்தாலும் முடியாது. கடைசியில் அரச ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும், அதை முதலிலேயே செய்யலாம்.

4. கையில் இருக்க வேண்டிய கடதாசிகள்

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, எம்.டி.ரி. எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற பதிவு, முன்பு வார்ட்டில் இருந்திருந்தால் அந்த டயக்னோசிஸ் கார்ட், பழைய எக்ஸ்ரே படங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது குடிக்கிற மற்ற மருந்துகளின் பெயர். எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்ரிக் கோப்புக்குள் போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எம்.டி.ரி. பதிவு தொலைந்திருந்தால் மருந்து எடுத்த இடத்திலேயே கேளுங்கள்.

இதோடு புண்ணின் படமும் வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர் பார்ப்பார், "போன மாதம் இதைவிடப் பெரிது" என்று வாயால் சொல்வதைவிட இரண்டு படத்தைக் காட்டுவது சுகம்.

5. கிளினிக்கில் கேட்க வேண்டியவை

ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், எழுதிக்கொண்டு போங்கள். எலும்பு பழுதாகியிருக்கிறதா, எக்ஸ்ரே தேவையா? (எலும்பில் கிருமி இருந்தாலும் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், ஆகவே முதல் படம் சுத்தமாக இருந்தாலும் புண் ஆறாவிட்டால் திரும்பக் கேளுங்கள்.) இரத்தத்தில் சீனி (நீரிழிவு) பார்த்தாயிற்றா? ஏற்புத் (டெற்றனஸ்) தடுப்பூசி போட வேண்டுமா? புண்ணைச் சுற்றியுள்ள தடிப்பை வெட்டி எடுப்பீர்களா? மாவுக்கட்டுப் போடலாமா?

தடிப்பை வெட்டுவது மிக முக்கியம், அந்த விளிம்பு தடித்து நிற்கும்வரை புண் மூடாது. வீட்டில் பிளேட் வைத்து நீங்களே செய்யப் போகாதீர்கள்.

அன்ரிபயோட்டிக் பற்றி ஒரு வார்த்தை. கிருமித் தொற்று இல்லாத, சுத்தமான புண்ணுக்கு அது தேவையில்லை. அப்படியிருக்க, மருந்துக்கடையில் காலைக் காட்டிக் குளிசை வாங்கிக் குடிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் தாராளம். காசும் வீண், பிறகு உண்மையாகவே தொற்று வரும்போது அந்த மருந்து கேட்காமலும் போகும்.

காலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இரத்த ஓட்டம் பார்த்தீர்களா என்று கேளுங்கள், இன்னொரு சத்திரசிகிச்சை நிபுணரிடமும் காட்டுங்கள். தொழுநோய்க் காலில் பெரும்பாலும் இரத்த ஓட்டம் நல்லாகவே இருக்கும், பாரத்தை எடுத்தால் ஆறக்கூடிய கால் அது. நீண்டகாலச் சீனி வருத்தக்காரரின் கால் அப்படியென்று சொல்ல முடியாது. இரண்டும் உள்ளவர் என்றால் டொக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

6. காலை ஊன்றாமல் வைத்திருங்கள் (வைத்தியமே இதுதான்)

எந்தக் களிம்பு, எந்தக் கட்டு என்பதில்தான் எல்லோரும் நேரத்தைச் செலவழிக்கிறோம். எந்தக் களிம்பு பூசினாலும் அதே இடத்தை மிதித்துக்கொண்டிருந்தால் ஆறாது. தொற்றில்லாத சாதாரணப் புண் ஊன்றாமல் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் மூடிவிடும். அந்த எட்டு வாரத்தை வீட்டில் எப்படி உண்டாக்குவது என்பதுதான் உண்மையான கஷ்டம்.

நல்ல வழி, பாதத்தோடு ஒட்டிப் போடுகிற மாவுக்கட்டு. முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை போடுவார்கள், பாரம் ஒரு இடத்தில் குவியாமல் கால் முழுவதும் பரவும். இதன் பெரிய வசதி, ஆள் நினைத்தாலும் கழற்ற முடியாது. வீக்கம் வற்றிக் கட்டுத் தளர்வதால் முதல் கட்டை ஒரு வாரமளவில் மாற்றுவார்கள், பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தொற்று இருக்கும்போதோ இரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ போட மாட்டார்கள். கட்டுக்குள்ளிருந்து மணம் வந்தால், நனைந்தால், காய்ச்சல் வந்தால், விரல் வீங்கினால், கட்டு தளர்ந்து ஆடினால் அடுத்த தவணைவரை இருக்காமல் போய் வெட்டச் சொல்லுங்கள். உள்ளே உரசினாலும் ஆளுக்குத் தெரியாது என்பதை மறக்கக் கூடாது.

மாவுக்கட்டு கிடைக்காவிட்டால் படுக்கையும் ஊன்றுகோலும்தான். கை விரல்களும் விறைத்தவர் என்றால் ஊன்றுகோலின் பிடி கையைப் புண்ணாக்கும், பிடியில் துணி சுற்றுங்கள், அல்லது நாலுகால் நடைச்சட்டம் பாருங்கள். மற்றக் காலையும் தினமும் பாருங்கள். ஒரு காலைக் காப்பாற்றப் போய் முழுப் பாரமும் அதில் விழும்.

இனி வீட்டுக் கணக்கு. பெரியப்பா வெங்காயத் தோட்டக்காரர். "சும்மாதான் இருக்கிறன்" என்பார், ஆனால் விடிய எழும்பிக் கிணற்றடி, பிறகு தண்ணீர் மாற வாய்க்காலடி, மத்தியானம் படலைக்கு, பின்னேரம் மாட்டடி. ஒரு நாள் முழுக்கப் பின்னால் நின்று பார்த்தால்தான் எவ்வளவு நடை என்று விளங்கும். கட்டிலைக் கழிப்பறைக்குக் கிட்ட மாற்றுங்கள். குளிக்கப் பிளாஸ்ரிக் கதிரை போடுங்கள். குந்தியிருக்கிற கழிப்பறை என்றால் நடுவில் ஓட்டை உள்ள கதிரை ஒன்று வாங்குங்கள் அல்லது தச்சரிடம் செய்வியுங்கள். சப்பாணி கட்டி இருக்கவும் விடாதீர்கள், வெளிக் கணுக்கால் நிலத்தில் அழுந்தி அங்கே புதுப் புண் வரும். குடும்பத்தில் உழைக்கிற ஆள் என்றால் நடுகை, அறுவடை இல்லாத காலமாகப் பார்த்து வைத்தியத்தைத் தொடங்குங்கள். கலியாண வீடு, கோயில் கொடியேற்றம் எல்லாவற்றையும் முன்னமே கலண்டரில் பாருங்கள். வீட்டில் இது நடக்காது என்று தெரிந்தால் வெட்கப்படாமல் வார்ட்டில் வைத்திருக்கக் கேளுங்கள். இடம் இருந்தால் எடுப்பார்கள்.

7. வீட்டில் கட்டு மாற்றுவது

சிக்கலான வேலையில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் சேலைனால் நனைத்து ஊறவிட்டு எடுங்கள், இழுக்காதீர்கள். கழற்றிய காஸை எறிய முன்பு பாருங்கள்: கறை நேற்றையதைவிடக் கூடவா, நிறம் மாறியிருக்கிறதா, மணம் உண்டா? புண்ணைச் சேலைன் அல்லது கொதித்தாறிய தண்ணீரால் கழுவி, சுற்றுத் தோலை மெதுவாக ஒற்றித் துடைத்து, காஸை ஒரே மட்டமாக வைத்துக் கட்டுங்கள். மொத்தமாக மடித்து வைத்தால் அந்த மடிப்பே புண்ணை அழுத்தும். சாம்பல், சுண்ணாம்பு, இலைப் பற்று, தண்ணீர் கலக்காத டெற்றோல், நுரைக்கிற மருந்து எதுவும் வேண்டாம், புதிதாக வளர்கிற தசையை அவை கெடுக்கும்.

புண்ணில்லாத மற்றக் காலுக்குத் தினமும் பின்னேரம் இது: பேசினில் சாதாரணப் பச்சைத் தண்ணீர், இருபது முப்பது நிமிடம் ஊறவைத்து, தடிப்பைக் கால் தேய்க்கிற கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரத்தோடேயே தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசுங்கள். சுடுதண்ணீர் கூடவே கூடாது, அவருக்குச் சுடுவது தெரியாது. புண்ணுள்ள காலை ஊறவைப்பதா என்பதைக் கட்டு மாற்றுகிற மிஸியிடம் (தாதியிடம்) கேட்டுச் செய்யுங்கள்.

இரவில் நுளம்பு வலையைப் பாய்க்கடியில் செருகிவிடுங்கள். நுளம்புக்கு மட்டுமல்ல, விறைத்த விரலை எலி கடித்தாலும் ஆள் எழும்ப மாட்டார்.

8. செருப்பு

புண் மூடும்வரை எந்தச் செருப்பும் மருந்தில்லை, மூடிய பிறகு செருப்பு இல்லாமல் ஒரு அடியும் இல்லை. எம்.சி.ஆர். என்கிற மென்மையான றப்பர் உட்தளம், முள் ஏறாத கடினமான அடி, குதிக்குப் பின்னால் பட்டி, ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்த வேலை: இந்த நாலும் இருக்க வேண்டும். பாட்டா என்கிற விரலிடுக்கு றப்பர் செருப்பு வேண்டாம். விரல் இடுக்கில் பிடித்து நடக்க வேண்டியது, விறைத்த கால் அதைப் பிடிக்காது, எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியாமல் வெறுங்காலோடு வந்து நிற்பார்கள். தோல் கிளினிக்கில் எம்.சி.ஆர். செருப்புக் கிடைக்குமா என்று கேளுங்கள். பாதம் உருமாறியவர், விரல் போனவர், பாதம் தொங்குகிறவர் என்றால் கடைச் செருப்புச் சரிவராது, அளவெடுத்துச் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்கிற ஜெய்ப்பூர் நிலையத்திலும் விசாரித்துப் பாருங்கள். தொங்கு பாதத்துக்குச் சத்திரசிகிச்சையும் உண்டு, அதைத் தனியாகக் கேளுங்கள்.

வாங்க முன்பு பழைய செருப்பின் உட்பக்கத்தைப் பாருங்கள். எந்த இடம் குழிந்து மினுங்குகிறதோ அங்கேதான் பாரம் விழுகிறது, அடுத்த புண்ணும் அங்கேதான் வரும். அந்தச் செருப்பையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணித்தியாலம் போட்டுக் கழற்றித் தோலைப் பார்த்து, அடுத்த நாள் கொஞ்சம் கூட்டி, அப்படித்தான் பழக்க வேண்டும். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தட்டிக் கவிழ்த்து உள்ளே கை விட்டுத் தடவுங்கள்.

9. செலவும் உதவிப்பணமும்

வைத்தியம், எம்.டி.ரி., வார்ட் எல்லாம் இலவசம். காசு போவது ஓட்டோவுக்கும், காஸ், பிளாஸ்டர், சேலைனுக்கும், ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மருந்தை வெளியில் வாங்கச் சொல்லி எழுதுகிற துண்டுக்கும்தான். அந்தத் துண்டோடு முதலில் அரச மருந்துக்கடையான ஒசுசலவுக்குப் போங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு உழைப்பில்லாமல் போகிற அந்த இரண்டு மாதம், அதற்கு அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று முன்னமே பேசி வையுங்கள். அது பேசாத வீட்டில் மூன்றாம் வாரமே ஆள் தோட்டத்தில் நிற்பார்.

நிரந்தரமாக அங்கம் பாதித்தவருக்கு மாற்றுத்திறனாளி உதவி உண்டு. விதானையாரிடம் (கிராம சேவகர்) தொடங்கிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, விதானையாரின் உறுதிப்படுத்தல், வைத்திய அறிக்கை, வங்கிப் புத்தகப் பிரதி கேட்பார்கள். வைத்திய அறிக்கையில் "கால் புண்" என்று மட்டும் இருந்தால் ஆறிவிடும்தானே என்று தள்ளிவிட இடமுண்டு. உணர்ச்சி இழப்பும் பாத ஊனமும் நிரந்தரம் என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லி டொக்டரைக் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு போட்டோக்கொப்பி உங்களிடம் இருக்கட்டும். இது நாட்பட்டுத்தான் வரும், புண் ஆறும்வரை பார்த்திருக்காமல் வைத்தியத்தோடு சேர்த்தே தொடங்குங்கள்.

10. மூடிய பிறகு

மேலே தோல் வந்ததும் ஆறிவிட்டது என்று தோட்டத்துக்கு இறங்குவதில்தான் பாதிப் புண் திரும்ப வருகிறது. புதுத் தழும்பு மெல்லியது. முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், பிறகு வளவுக்குள், பிறகு ஒழுங்கைவரை. எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக நடக்கச் சொல்லுங்கள், இடையில் இருந்து எழும்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் புறங்கைச் சோதனை, ஒரு இடம் சூடாக இருந்தால் அடுத்த நாள் நடை இல்லை.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு ஆபத்து, கோயில். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்கால், அதுவும் வெய்யில் கொதிக்கிற காலம், மணலும் தார் வீதியும் தோலைப் பொசுக்கும். போகத்தான் வேண்டும் என்றால் விடியற்காலைப் பூசைக்குப் போய் வெய்யில் ஏற முன் திரும்பட்டும். தேர் அன்றைக்கு வீட்டில் ரீ.வி.யில் பார்க்கலாம், முருகன் கோபிக்க மாட்டார். நெருஞ்சி முள், மோட்டார்சைக்கிள் சைலன்சர், அடுப்படி, கரையோரமென்றால் முருகைக்கல், இவையெல்லாம் அதே கணக்கில்தான்.

திரும்ப வெடித்தால் அன்றைக்கே நடையை நிறுத்தி அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். பழைய கொப்பியையும் படங்களையும் மறக்காமல் கொண்டுபோங்கள், புதுக் கொப்பி போட்டால் சீனியிலிருந்து எக்ஸ்ரேவரை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.